பதினொன்றாம் எண் தலையணை

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் என்று என் தங்கை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னதில் பெரிய தப்பில்லை. மிக்சிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட இரண்டு பட்டன் வைத்த ஒரு குட்டி உறை. யார் புது வீட்டுக்குப் போனாலும் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் என் கையால் தைத்த ஏதாவது ஒன்று அங்கே போய்ச் சேர்ந்துவிடும். குஷன் உறை, மேஜை விரிப்பு, சூடான பாத்திரம் பிடிக்கிற துணி, எதுவும் இல்லாவிட்டால் ஒரு பை. வாங்கிக்கொள்கிறவர்கள் எல்லோரும் "ரொம்ப அழகா இருக்குங்க" என்பார்கள். சொல்லிவிட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது கண்ணாலேயே வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். என் சரக்கு எங்கும் அகப்படாது.

தங்கை மட்டும் ஒரு நாளும் அழகா இருக்கு என்ற அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் பிள்ளை பிறந்தபோது முயல் பொம்மை வைத்த ஒரு குட்டிப் போர்வை தைத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவள், "ஏன்க்கா, இந்த முயலுக்கு ஒரு காது மட்டும் தூங்குதா?" என்றாள். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து காதைப் பிரித்து மறுபடி தைத்தேன். அப்புறம்தான் அது முயலாகவே ஆயிற்று. நான் நன்றாகத் தைக்கக் கற்றுக்கொண்டது அவளுடைய வாய்க்குப் பயந்துதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் திரை. அவள் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்தபோது கூடத்து ஜன்னலுக்கு நீல நிறத்தில் பருத்தித் துணி எடுத்து, தரையைத் தொடுகிற மாதிரித் திரை தைத்துக் கொடுத்தேன். முதல் தடவை துவைத்ததும் அது சுருங்கி முழங்கால் உயரத்துக்கு ஏறிக்கொண்டது. "அரைக்கால் டவுசர்" என்று அதற்குப் பேர் வைத்தாள். வருகிற ஆளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். மானம் போகிறதடி, கழற்று, வேறு தைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "முடியாது. சிரிக்கிறதுக்கு வீட்டுல ஒண்ணு வேணும்ல?" என்பாள்.

அன்றைக்கு எடுத்த சபதம்தான். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் கத்தரிக்கோல். வெட்டிய பிறகு சுருங்குவது வெட்டுவதற்கு முன்னாலேயே சுருங்கித் தொலையட்டும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதில் ஒரு நாள் தவறியதில்லை. துணியைப் பார்த்தால் என் கை தானாகவே வாளியைத் தேடும். துணி என்றில்லை, கடையில் தருகிற பிளாஸ்டிக் கவரைக்கூடக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, மடித்து அடுக்குகிறவள் நான். அதற்கும் தங்கை கேலி செய்வாள்.

பிறகு அவள் பிள்ளை போய்விட்டான்.

பதினேழு வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கால்பந்து ஆடுகிறவன், பதினொன்றாம் எண் சட்டை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பாதி நாள் அவன் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். என் வீட்டுக்காரர் தோள்வலிக்குத் தினமும் தைலம் தேய்த்துக்கொள்கிறவர், அதனால் அவரைத் "தைல டப்பா" என்பான். பெரியப்பாவை அப்படிச் சொல்லலாமா என்று நான் அதட்டினால், "பெரிய டப்பா"ன்னு சொல்லவா என்பான். ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் தெருமுனையைத் தாண்டவில்லை. லாரி திரும்பியது. அதற்குமேல் எழுத என்னால் முடியாது, எழுதவும் மாட்டேன்.

தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வந்தார், பத்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திரும்பிப் போனார். அவள் அந்த வீட்டில் ஒற்றையாளாய் இருந்தாள். நான் தினமும் போவேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்தால் ஏதாவது ஏடாகூடமாக வரும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல்தான். ஏழாவது வாரம், அவனுடைய பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அவளிடம் கேட்டேன்.

"அவன் சட்டையெல்லாம் குடு. வெட்டி ஒட்டுப் போட்டு ஒரு பெரிய தலையணை தைச்சுத் தரேன். கட்டிப்புடிச்சுட்டுத் தூங்கு."

"வேணாம்க்கா."

"வேணாம்னா? அலமாரியில வச்சுப் பூட்டி என்ன பண்ணப் போற?"

நான் விடவில்லை. வேண்டாம் என்கிறவர்கள் தலையிலும் கட்டிவிட்டு வருகிறவள்தானே நான். கடைசியில் எழுந்து போய் ஆறு சட்டை எடுத்து வந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்த சட்டைகள். மறுபடியும் உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. நான் டேப்பை எடுத்துச் சோபாவை அளந்துகொண்டிருந்தேன். வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. வாய் இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தது.

"இதையும் சேத்துக்கக்கா" என்றாள்.

"என்னது, அந்த பதினொண்ணாம் நம்பரா?"

"ம்."

கொடுத்தாளே தவிரக் கவரை விடவில்லை. நான் இழுத்தேன். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. ஏதோ சொல்ல வந்தமாதிரி வாய் அசைந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நீளம் இருபத்தாறு, அகலம் பதினெட்டு என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வாளி வைத்தேன். சாயம் போகாமலிருக்க உப்புப் போட்டு ஆறு சட்டைகளையும் நனைத்தேன். பிறகு அந்தக் கவரின் முடிச்சை அவிழ்த்தேன். குப்பென்று அடித்தது. மைதானத்து மண், புல், வேர்வை, ஊறிப்போன சாக்ஸ், எல்லாம் சேர்ந்த அவனுடைய நாற்றம். சுருட்டி உருண்டையாக இருந்தது சட்டை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு விஷயத்துக்காகத் தங்கை அவனோடு போடாத சண்டையா? ஆடிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் எறிவான். அவள் துடைப்பக் கட்டையால் இழுத்தெடுத்து, "துவைக்கப் போடுடா, போடுடா" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரிக் கத்துவாள்.

"நாத்தம் புடிச்ச பயலே" என்று நானும் சட்டையைப் பார்த்துச் சொன்னேன். "கடைசி வரைக்கும் துவைக்கப் போடலையே நீ."

சொல்லிவிட்டு அதைத் தனி வாளியில் போட்டேன். சோப்புத் தூள் இரண்டு மடங்கு போட்டேன். கழுத்துப் பட்டியில் அழுக்கு இருந்தது, பிரஷ் வைத்துத் தேய்த்தேன். அவனைக் குளிப்பாட்டுகிறமாதிரி நினைத்துக்கொண்டுதான் தேய்த்தேன். பிரியமாகத்தான் செய்தேன். மூன்று தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். அந்தக் கவருக்குள்ளும் மண் இருந்தது, அதையும் திருப்பிக் கழுவிச் சட்டைக்குப் பக்கத்தில் கிளிப் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அது பாலியஸ்டர் துணி. எத்தனை தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. தையல் மெஷினைத் தொட்ட யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நனைக்க வேண்டிய அவசியமே இல்லாத துணி.

மதியம் தங்கை போன் செய்தாள். அவளாகப் போன் செய்து ஏழு வாரமாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அக்கா, அந்தக் கவரைப் பிரிச்சுட்டியா?"

"ஏன்டி?"

"இல்ல... அதை வெட்டாத. அப்படியே முழுசா உள்ள வச்சுத் தைச்சுடு. ஒரு ஜிப் மட்டும் வை. அன்னிக்கு முந்தின நாள் ஆடிட்டு வந்து போட்டதுக்கா அது. கட்டிலுக்கடியில கெடந்துச்சு. அவன் வாசனை அதுல மட்டும்தான் இருக்கு. மத்ததெல்லாம் நான் துவைச்சுத் தொலைச்சுட்டேன்." அவள் குரல் இறங்கியது. "தெனமும் ஒரே ஒரு தடவைதான் தெறப்பேன். தெறந்தா கொஞ்சம் கொஞ்சமா போயிடுது. தலையணைக்குள்ள வச்சா இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு தோணுச்சு. நேத்தே சொல்லணும்னு பாத்தேன். வெக்கமா இருந்துச்சு. கிறுக்குன்னு நெனச்சிடுவியோன்னு. அப்புறம், உனக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

ஜன்னல் வழியே கொடி தெரிந்தது. பதினொன்று என்ற எண் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டையின் ஓரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரிக்கலைடி" என்றேன். "அப்படியேதான் இருக்கு."

"நேத்து ராத்திரி தூக்கமே வரலைக்கா, அது பக்கத்துல இல்லாம" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்ச் சட்டையை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினேன். எலுமிச்சை சோப்பு மணந்தது. அக்குளில், கழுத்தில், உள்பக்கம் திருப்பி, எங்கும் எலுமிச்சைதான். என் வேலை எப்போதும் சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவரிடம் கொட்டிவிட்டுச் சட்டையை நீட்டினேன்.

"இதைப் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்குங்க. நல்லா வேர்க்கணும்."

அவர் சட்டையைப் பார்த்தார். "அவன் வாசனை எங்கிட்ட எப்படிடி வரும்?"

"வேர்வைன்னா எல்லாம் வேர்வைதான். போடுங்க."

"அவகிட்டச் சொல்லிடலாம். நானும் கூட வரேன்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க. போடறீங்களா, நான் போட்டுக்கிட்டு ஏறட்டுமா?"

போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது, தொப்பை. சட்டை பாதி வயிற்றில் நின்றது. முதுகில் எண் இரண்டு பக்கமும் இழுபட்டது. எங்கள் கட்டடம் நான்கு மாடி. உச்சி வெயிலில் ஏறினார், இறங்கினார். நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையில் இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், டீமுல சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். "டாக்டர் நடக்கச் சொன்னார்" என்று இவர் மூச்சு வாங்கச் சொன்னது எனக்குக் கேட்டது. ஏழாவது தடவை இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போய்ப் பார்த்தேன். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

"அவன் இதை நாலு நாலு படியா தாண்டி வருவான்டி" என்றார்.

எனக்கும் அழவேண்டும்போல இருந்தது. ஆனால் சட்டை காய்வதற்குள் கழற்றி மூடி வைக்கவேண்டும் என்ற நினைப்புதான் முந்திக்கொண்டது. கழற்றி முகர்ந்து பார்த்தேன். புளித்த வேர்வை வாடை. சோப்பு வாடை போய்விட்டது. மாடிப் பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கழுத்தில் தேய்த்தேன். போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அந்தத் தலையணையைப் போல நான் எதையும் தைத்ததில்லை. ஆறு சட்டையிலிருந்து ஆறு சதுரம், ஓரம் இம்மி பிசகவில்லை. பள்ளிக்கூடச் சட்டையின் பாக்கெட்டை அப்படியே ஒரு சதுரத்தில் விட்டேன், அதன் மைக்கறையோடு. பின்பக்கம் ஜிப், ஜிப்புக்குள் ஒரு உறை, உறைக்குள் பதினொன்றாம் எண் சட்டை. பிறந்தநாள் அன்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் குளித்துத் தலைசீவிக் காத்திருந்தாள். ஏழெட்டு வாரமாக அவளை அப்படிப் பார்த்திருக்கவில்லை. தலையணையை வாங்கினாள். முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு கோணல் சொல்லட்டும், ஒரு நூல் தொங்குகிறது என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நேராகத் திருப்பி ஜிப்பைத் திறந்து முகத்தை உள்ளே புதைத்தாள். நீளமாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை இழுக்கவில்லை.

முகத்தை எடுத்தாள்.

"தைலம்" என்றாள்.

"என்ன?"

"மாமா தேய்ச்சுக்கற தைலம்க்கா இது."

முப்பது வருஷமாக அந்தத் தைலத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். என் தலையணையில், என் புடவையில், என் கையில் அதுதான். என் மூக்குக்கு அது வாசனையாகவே படுவதில்லை. எனக்கு மட்டும்தான் படுவதில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"துவைச்சுட்டியாக்கா?"

நான் சோபாவில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, உப்பு, பிரஷ், போனில் சொன்ன பொய், மாடிப்படி, தொட்டி மண், ஒன்று விடவில்லை. பெற்றிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் தகும் என்றுதான் இருந்தேன். அவள் சொல்லவில்லை. மடியில் தலையணையை வைத்துக்கொண்டு ஜிப்பை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"அந்தக் கவர் எங்க?"

"எந்தக் கவர்?"

"பிளாஸ்டிக் கவர்க்கா, நான் முடிச்சுப் போட்டுக் குடுத்தது. ஏழு வாரம் அதுக்குள்ளதான இருந்துச்சு! உள்பக்கம் ஒட்டியிருக்கும். கொஞ்சமாவது இருக்கும்." எழுந்துவிட்டாள். முகத்தில் களை வந்தது. "நீதான் ஒரு கவரையும் தூக்கிப் போடமாட்டியே, எல்லாத்தையும் மடிச்சு அடுக்குவியே. இருக்கும்ல? வாக்கா, இப்பவே போயி எடுத்துட்டு வந்துடலாம்." ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

வேறு ஏதாவது ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அளவெடுக்காமல், எழுதாமல், அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"அதையும் கழுவிட்டேன்டி" என்றேன்.

அவள் ஒரு செருப்போடு நின்றாள். பிறகு அதைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

"பரவால்லக்கா" என்றாள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

தலையணையை எடுத்துத் தட்டிச் சரிசெய்தாள். படுக்கையறைக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்துச் சோபாவில், நான் முன்பு தைத்துக்கொடுத்த நாலு குஷன்களுக்கு நடுவில், சதுரங்கள் வெளியே தெரிகிறமாதிரி நிறுத்தி வைத்தாள். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் அந்த அரைக்கால் திரை தொங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்று வழியனுப்பினாள். என்னை அவள் "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.